வாடகை வீட்டில் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறோம், ஏன் இத்தனை சோர்வு?

கேள்வி: சென்னையில் வாடகைக்கு இருக்கிறோம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாலு வீடு மாறிவிட்டோம். இப்போதைய ஓனரும் மகனுக்குக் கல்யாணம், ஜூனில் காலி செய்து கொடுங்கள் என்கிறார். எல்லாரும் இப்படித்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்களா? ஒவ்வொரு தடவையும் ஏன் உடம்பும் மனசும் இப்படி ஓய்ந்துபோகிறது?

பதில்:

எட்டு வருஷத்தில் நாலு வீடு என்பது சென்னையில் சாதாரணமாக நடப்பதுதான். மடிப்பாக்கம் பக்கம் வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்து தரும் கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் இரண்டு மூன்று வருஷத்தில் வேறு விலாசத்தோடு திரும்ப வரும். நாலு பேராகச் சேர்ந்து தங்கும் இளைஞர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். அதே தெருவில் பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில், ஒப்பந்தமே எழுதாமல், ஓனர் குடும்பத்தோடு உறவுக்காரர் மாதிரி இருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் நடுவே வருமானமோ குணமோ பெரிதாக வித்தியாசப்படுவதில்லை. எந்த ஓனர் வாய்த்தார் என்பதுதான் வித்தியாசம்.

எவ்வளவு அடிக்கடி மாறுகிறோம் என்பதை நம் விருப்பத்தைவிடச் சட்டமும் வழக்கமும்தான் தீர்மானிக்கின்றன. வெளிநாட்டு உதாரணம் இரண்டைப் பார்த்தால் இது புரியும். இங்கிலாந்து அரசின் வீட்டுவசதிக் கணக்கெடுப்பில், தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் இப்போதைய வீட்டில் இருந்த காலம் சராசரியாக நாலு வருஷத்துக்குச் சற்று மேல். சொந்த வீட்டுக்காரர்களுக்கு அது 16 வருஷத்துக்கும் மேல். அங்கே 1988ஆம் வருஷச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தால் காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியே அனுப்ப ஓனருக்கு உரிமை இருந்தது. அதை எடுத்துவிட 2025இல்தான் சட்டம் இயற்றினார்கள். ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகையில்தான் வாழ்கின்றன, ஆனால் அங்கே ஒப்பந்தத்துக்குப் பொதுவாக முடிவுத் தேதியே கிடையாது. ஓனருக்குத் தகுந்த காரணம் வேண்டும். குடியிருந்த காலம் கூடக்கூட அவர் கொடுக்க வேண்டிய நோட்டீஸும் கூடும்: முதலில் மூன்று மாதம், ஐந்து வருஷத்துக்கு மேல் ஆறு மாதம், எட்டு வருஷத்துக்கு மேல் ஒன்பது மாதம். வாடகைக்காரர் கிளம்ப வேண்டுமென்றால் எப்போதும் மூன்றே மாதம். அப்படி ஓர் ஏற்பாட்டில் வாடகை வீட்டிலேயே பிள்ளையை வளர்த்துப் படிக்க வைத்துவிடலாம்.

நம்மிடம் இருப்பது பதினொரு மாத ஒப்பந்தம். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. பதிவுக் கட்டணமும் அலைச்சலும் வேண்டாம் என்று நாடு முழுக்கப் பதினொரு மாதத்தில் நிறுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எந்தக் காலத்துக்கான ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று மாற்றிவிட்டது. ஆனாலும் பதினொரு மாதப் பழக்கம் போகவில்லை. இதனால் என்ன ஆகிறது என்றால், பத்தாவது மாதம் வந்ததும் குடும்பம் முழுக்க ஓனரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. காலி செய்யச் சொல்லாவிட்டாலும் அந்தப் பயம் வருஷா வருஷம் வந்து போகிறது. நீங்கள் சொல்கிற சோர்வில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

வீடு மாறுவது துணையை இழப்பதற்கும் விவாகரத்துக்கும் அடுத்த பெரிய துன்பம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, வேலை போவதற்கு 47. வீடு மாறுவதற்கு வெறும் 20. பட்டியலில் அது கீழே கிடக்கிறது.

ஆனால் அதே பட்டியலை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு குடும்பம் வீடு மாறுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு மாறியதற்கு 20. வாழும் சூழல் மாறியதற்கு 25. பிள்ளை பள்ளி மாறியதற்கு 20. கையிருப்பு கலைந்ததற்கு 38. அட்வான்ஸுக்காக வாங்கிய சின்னக் கடனுக்கு 17. பழகியவர்கள் விட்டுப்போனதற்கு 18. தூக்கம் கெட்டதற்கு 16. மொத்தம் 154. ஒரே வருஷத்தில் 150-ஐத் தாண்டினால் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்று இந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்வார்கள். அறுபதுகளின் அமெரிக்கர்களைக் கேட்டுப் போட்ட மதிப்பெண் என்பதால் இதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சாமான் தூக்குவது சின்ன வேலைதான். அதோடு கட்டிக்கொண்டு வரும் மற்றவைதான் ஆளைச் சாய்க்கின்றன. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மூட்டை மொத்தமும் தலையில் ஏறுகிறது.

அதில் பெரிய பாரம் பணம். கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்ததே இல்லை. வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 18,000. பழைய ஓனர் பெயின்டிங் என்று சொல்லி அட்வான்ஸில் பிடிக்கும் ஒரு மாதம், இன்னொரு 18,000. வண்டியும் ஆட்களும் 8,000. ஏசி கழற்றி மாட்ட, கேஸ் நிரப்ப 4,000. கர்ட்டன் கம்பி, பிளக், கீசர் மாட்டும் கூலி, உடைந்த பொருள் என்று 4,000. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கும் பத்து நாளுக்கு 6,000. ஆக மொத்தம் 58,000. இதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. இரண்டு வருஷத்தில் மாறினால் மாதம் 2,400 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்த மாதிரி. ஐந்து வருஷம் இருந்தால் அது ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். ஓனர் பத்து சதவீதம் ஏற்றினால் மாதம் 1,800 கூடும். அதற்குக் கோபித்துக்கொண்டு பழைய வாடகைக்கே வேறு வீடு பார்த்துப் போனாலும், மாறிய செலவை ஈடுகட்ட 32 மாதம் ஆகும். புது வீட்டில் 32 மாதம் விட்டு வைப்பார்களா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆகவே நியாயமான ஏற்றத்துக்கு வீடு மாறாதீர்கள். ஓனருக்கும் இந்தக் கணக்கு தெரியும், அதனால்தான் துணிந்து கேட்கிறார். ஆனால் அவருக்கும் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 18,000 நஷ்டம். பேசும்போது அது உங்கள் பக்கம் இருக்கும் பலம்.

அட்வான்ஸ் தனிக் கதை. சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பதும், சில பகுதிகளில் பத்து மாதம் என்ற பழைய வழக்கமும் இன்னும் தொடர்கின்றன. தொகையைவிட அதன் நேரம்தான் கொல்கிறது. புது வீட்டுக்குச் சாவி வாங்கும் முன் அட்வான்ஸ் கட்ட வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸோ காலி செய்து, சுவர் பார்த்து, கரண்ட் பில் பார்த்து, "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்ற இடத்தில் போய் நிற்கும். அந்த ஒன்றிரண்டு மாதத்துக்கு நகை அடகுக்குப் போகிறது, இல்லையென்றால் அலுவலகத்தில் கடன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுத வைத்துக்கொண்டால், பேசும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

பணத்துக்கு அடுத்து, வீடு தேடும்போது படும் அவமானம். இதைப் பற்றி மக்கள் வெளியே அதிகம் பேசுவதில்லை. "சைவமா?" "என்ன ஆளுங்க?" "வீட்டில் யார் யார்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள். முஸ்லிம் பெயர் சொன்னதும் வீடு ஏற்கனவே பேசி முடித்தாகிவிட்டது என்ற பதில் வருகிறது. தலித் குடும்பங்கள் ஊர் பெயரைச் சொன்னாலே அடுத்த கேள்வி என்னவென்று தெரிந்து தயங்குகிறார்கள். தனியாக இருக்கும் பெண் என்றால் அப்பா வந்து பேச வேண்டும். வீடு மாறுவது எல்லாருக்கும் ஒரே அளவு கஷ்டம் என்று சொல்வது உண்மையாகாது. யாருக்கு நகரத்தில் பாதி வீடுகள் மூடிக் கிடக்கின்றனவோ அவர்கள் அதிக நாள் தேடுகிறார்கள், அதிக வாடகை கொடுக்கிறார்கள், கிடைத்த வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். எட்டு வருஷத்தில் நாலு தடவை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் சோர்ந்துபோகாமல் என்ன செய்வார்?

தண்ணீர் என்றதும் இன்னொன்று. சென்னையில் வீடு மாறும் காரணங்களில் தண்ணீருக்குத் தனி இடம் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, போர் வற்றிய வீட்டிலிருந்து போர் ஊறும் தெருவுக்கு மாறினவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு, வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி இடங்களில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் அடுத்த மழைக்கு முன் மாடி வீடு தேடினார்கள். வீடு பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்துச் சுவரில் பழைய வெள்ளக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் மே மாதம் லாரி எத்தனை தடவை வரும் என்று கேளுங்கள். அந்த விவரத்தைப் புரோக்கர் தானாகச் சொல்ல மாட்டார்.

இனி ஆட்களைப் பற்றி. வீட்டில் யார் அதிகம் இழக்கிறார்கள் என்று கேட்டால், வயதானவர்கள் என்றுதான் சொல்வேன். வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் அப்படியே இருக்கிறது. வீட்டிலேயே இருக்கும் மாமியாருக்கோ அம்மாவுக்கோ தெருதான் உலகம்: காலையில் போகிற கோயில், வாசலில் நின்று பேசும் நாலு பேர், சர்க்கரை அளவு தெரிந்த டாக்டர், கீரைக்கார அம்மா. எழுபது வயதில் அந்த வட்டத்தை மறுபடி உண்டாக்குவது லேசான காரியமில்லை. புது வீட்டில் ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தடுமாறுவார்கள், அப்படித்தான் விழுவதும். நினைவு தடுமாறத் தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம், "நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று சாயங்காலமானால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முடிந்தால் அதே பேட்டையில், நடந்து போகும் தூரத்தில் மாறுங்கள். சதுர அடி குறைந்தாலும் பரவாயில்லை. முதல் நாளே அவர்கள் படுக்கும் அறையையும் சாமி படத்தையும் முழுதாக ஒழுங்கு செய்துவிட்டு மற்ற பெட்டிகளைப் பிரியுங்கள்.

பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஷிகேஹிரோ ஓய்ஷி, உல்ரிச் ஷிம்மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 7,108 பெரியவர்களிடம் எடுத்த தகவல் அது. சின்ன வயதில் அதிகம் வீடு மாறியவர்களுக்கு வளர்ந்த பிறகு மன நிறைவும் நெருங்கிய நட்பும் குறைவாக இருந்தன. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை, கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பாதிப்பு தெரிந்தது. கலகலப்பானவர்களை அது பெரிதாகத் தொடவில்லை. ஆகவே உங்கள் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று பாருங்கள். ஒரே ஒரு தோழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தை என்றால், வேன் செலவு கொஞ்சம் கூடினாலும் பள்ளியை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றுவது நல்லது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார், கேஸ், ரேஷன் கார்டு, வங்கி, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் விலாசம் மாற்ற வேண்டும். மற்றவற்றை எப்படியோ செய்துவிடுகிறார்கள், வாக்காளர் பட்டியலைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வரும் அலுவலர் பட்டியலில் உள்ள விலாசத்துக்குத்தான் வருவார். அங்கே நீங்கள் இல்லையென்றால் "இடம் மாறியவர்" என்று பெயர் போய்விடலாம். குடியேறிய மாதமே, பட்டியலில் விலாசம் மாற்றக் கேட்கும் படிவம் 8 கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் நகலை மறக்காமல் வாங்கி வையுங்கள், இந்த வேலைகளில் பலவற்றுக்கு அதுதான் விலாசச் சான்று.

சரி, இப்போது ஜூனில் காலி செய்ய வேண்டிய உங்கள் விஷயம்.

தானாக விரும்பி மாறுகிறவர்களையும் மாறச் சொல்லப்பட்டவர்களையும் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பார்த்திருக்கிறேன். செலவும் அலைச்சலும் இருவருக்கும் ஒன்றுதான். முகம் மட்டும் ஒரே மாதிரி இருக்காது. தேதியைத் தானே குறித்தவர் ஆறு மாதம் களைப்போடு இருந்தாலும் தெளிவாக இருப்பார். வேறொருவர் குறித்த தேதிக்கு ஓடுகிறவர் சாவி வாங்கிய பிறகும் எதையோ பறிகொடுத்த மாதிரி இருப்பார். அதனால் தேதியைக் கொஞ்சமாவது உங்கள் கைக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

ஓனரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். கல்யாணம் எந்த மாதம், அவருக்கு வீடு உண்மையில் எப்போது வேண்டும் என்று கேளுங்கள். ஜூன் என்பதற்குப் பதில் ஆவணி பிறந்ததும் போதும் என்று அவரே சொல்லக்கூடும், ஏனென்றால் ஆடியில் அவரும் குடி வைக்க மாட்டார். மே, ஜூனில் பள்ளித் திறப்புக்காக எல்லாரும் வீடு தேடுவதால் வாடகை ஏறி நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் தேடுகிறவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் அந்தச் சம்பிரதாயம் முக்கியமில்லை என்றால், ஆடியில் நல்ல வீடு பேரம் பேசிக் கிடைக்கும். முக்கியம் என்றால் ஆடி பிறப்பதற்கு முன் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமானைப் பிறகு நிதானமாகக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அட்வான்ஸில் பாதியைக் காலி செய்யும் முன்பே கேட்டுப் பாருங்கள். தங்கள் தேவைக்காகக் காலி செய்யச் சொல்லும் ஓனர்களில் பலர் இதற்கு இசைவார்கள், நாமாகக் கேட்டால்தான். ஒத்து வராமல் தண்ணீரை அடைப்பது, கரண்டை நிறுத்துவது என்று யாராவது போனால் அதைச் சட்டம் தடை செய்கிறது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

புது வீட்டு ஒப்பந்தத்தில் நான் கேட்கச் சொல்வது: காலம் மூன்று வருஷம், வருஷத்துக்கு ஐந்து சதவீத ஏற்றம் என்று முதலிலேயே எழுதிவிடுவது, ஓனர் காலி செய்யச் சொன்னால் மூன்று மாத நோட்டீஸ், பள்ளி ஆண்டு நடுவில் சொல்வதில்லை என்ற ஒரு வரி, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்ற தொகை, மூன்று வருஷம் இருந்தால் அது பாதி. பதிவுச் செலவு வரும், அதை இருவரும் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம். நேராக 58,000 கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கசக்காது. மூன்று வருஷத்துக்கு ஓனர் தயங்கினால், பதினொரு மாதம் முடிந்ததும் அதே நிபந்தனையில் இரண்டு தடவை புதுப்பிக்க வாடகைக்காரருக்கு விருப்பம் உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். கரண்ட் விஷயமும் அப்போதே பேசி முடிக்க வேண்டியது. தனி மீட்டர் இருந்தால் பில்லை நீங்களே கட்டுங்கள், அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்கும். யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஓனர் கையில் கொடுத்தால் அது கிடைக்காது.

குடியேறும் அன்று ஒவ்வொரு அறையையும், சுவர்க் கீறல், குழாய், கதவுத் தாழ்ப்பாள் உட்பட, போனில் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "பார்த்தேன்" என்று அவர் ஒரு பதில் போட்டால் போதும், காலி செய்யும்போது சுவரைக் காட்டிப் பிடிக்கும் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். சாமான் கட்டும் முன் ஏசி, கீசர் ஆளுக்குத் தனியாகத் தேதி சொல்லுங்கள், வண்டி வரும் அன்றைக்கே அவரையும் கூப்பிட்டால் இரண்டு வேலையும் கெடும். முதல் ராத்திரிக்கு வேண்டிய மருந்து, பாய், பிள்ளையின் பள்ளிப் பை, ஒரு பாத்திரம், ஒப்பந்தம், நகை இவற்றை வண்டியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப் போங்கள்.